கடலோர ஊரில் ஒரு வீடு

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்திற்குரிய 'கோல்கோண்ட்' என்னும் தங்கும் விடுதி, கடற்கரைக்கு அண்மையில் அமைந்துள்ளது. 1930களின் பிற்பகுதியில் அதன் பணி தொடங்கியது. ஜப்பானில் தொழில் நடத்திவந்த ஆன்டனின் ரேமண்ட் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமா, பிரான்டிசெக் சாமர் ஆகிய இருவரும் பணியிடத்திலேயே தங்கி மேற்பார்த்தனர். கல்லும் மண்ணும் சுமந்து உழைத்தவர்களுள் பலர் கட்டடத் தொழிலையே அறியாத ஆசிரமவாசிகள். கம்பி பதித்த கான்கிரீட் இந்தியாவிற்குப் புதிதாக இருந்த காலத்தில், மேற்பூச்சுக்கூட இன்றி எழுந்த அக்கட்டடம், உப்புக்காற்றின் நடுவே இன்றும் பயன்பாட்டில் உள்ளது. கவனத்துடன் பேணப்பட்டும் வருகிறது.

அதே ஊரில் கட்டி இருபது ஆண்டுகூட நிறையாத வீடுகளில், மேல்தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிவதைக் காணலாம். இரண்டிலும் சேர்ந்தவை சிமெண்டு, மணல், ஜல்லி, நீர், கம்பி ஆகிய ஐந்தே. அவற்றைச் சேர்த்த முறையில்தான் வேறுபாடு. நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாள் சேமிப்பையும், அதற்குமேல் பதினைந்து இருபது ஆண்டுக் கடனையும் ஒரு வீட்டில் கொட்டுகிறது. கடன் தீருமுன் கூரை உதிரத் தொடங்கினால் அக்குடும்பத்திற்கு இன்னொரு வீடு கட்டும் வலிமை இராது. தம் வீட்டைத் தாமே முன்னின்று கட்டுவோர், எந்தெந்த இடங்களில் கண்ணை நாட்ட வேண்டும் என்பதை அறிந்திருத்தல் இதனால் இன்றியமையாததாகிறது.

உப்பும் கம்பியும்

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி இயல்பாகத் துருப்பிடிப்பதில்லை. சிமெண்டின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கிவிடும். உப்பில் உள்ள குளோரைடு அப்படலத்தை உடைக்கிறது. ஈரமும் காற்றும் உடன் சேர்ந்தால் துரு வளர்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மிகுதியான இடத்தை அடைக்கும். உள்ளிருந்து அது நெருக்குவதால் கம்பியின் நெடுகிலும் கான்கிரீட் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே மேலும் ஈரம் நுழைகிறது. கூரை உதிர்வதன் வரலாறு இதுவே. பெயர்ந்த இடத்தில் சாந்து பூசி வெள்ளையடிப்பது நோயை மூடி வைப்பதாகுமே தவிர, தீர்ப்பதாகாது. துருவை முழுவதும் நீக்கிக் கம்பிக்குக் காப்பளித்த பின்னரே பூச வேண்டும்.

உப்பு மூன்று வழிகளில் வரும். முதலாவது மணல். விலை குறைவு என்பதற்காகக் கடலோர மணலைக் கலப்பது, வீட்டின் ஆயுளைக் கட்டும்போதே குறைப்பதாகும். இரண்டாவது நீர். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பது புதுச்சேரி மக்கள் அறிந்ததே. கம்பி வைத்த கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருத்தல் ஆகாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு என்பதை ஒப்பிட்டால் இவ்வரம்பின் கடுமை விளங்கும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதிக்க ஆகும் செலவு, சில மூட்டைச் சிமெண்டின் விலைக்குள் அடங்கிவிடும். மூன்றாவது வழி காற்று. காற்றைத் தடுக்க இயலாது. கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட்டின் தடிப்பைக் கூட்டத்தான் இயலும்.

இத்தடிப்பைத் தொழிலாளர் 'கவர்' என்பர். உள்நாட்டில் உலர்ந்த சூழலில் தளத்திற்கு 20 மில்லிமீட்டர், தூண்களுக்கு 40 மில்லிமீட்டர் எனக் கொள்வது வழக்கம். கடலோரச் சூழலுக்கு நேரே வெளிப்பட்ட கான்கிரீட்டிற்கு 45 மில்லிமீட்டரை விதி கேட்கிறது. வரைபடத்தில் எழுதிய அளவு தளத்தில் நிற்பதில்லை என்பதே உண்மையான இடர். கம்பிக்கு அடியில் 'கவர் பிளாக்' என்னும் சிறு கட்டிகளை வைக்காமல், கையில் கிடைத்த ஜல்லியைச் செருகிவிடுவர். கான்கிரீட் கொட்டுவோர் கம்பியின்மேல் நடக்கும்போது ஜல்லி நழுவிக் கம்பி பலகையைத் தொட்டுவிடும். சென்ட்ரிங் பிரித்தபின் தளத்தின் அடியில் கம்பியின் தடம் தெரிந்தால், அங்குக் காப்பே இல்லை என்று பொருள். அதன்மேல் உடனே பூசி மறைத்துவிடுவதால் வீட்டுக்காரர் அதனைக் காண்பதே இல்லை.

ஒரு வாளி நீர்

கான்கிரீட் இளக்கமாக இருந்தால் வேலை எளிது. ஆகையால் மாலை நெருங்க நெருங்கக் கலவையில் ஒரு வாளி நீர் கூடுதலாக விழும். சிமெண்டு இறுகுவதற்குத் தேவையான அளவினும் மிகுந்த நீர், பின்னர் ஆவியாகி வெளியேறும். அது இருந்த இடங்கள் நுண்துளைகளாக நின்றுவிடும். அத்துளைகளே உப்பும் ஈரமும் செல்லும் வாயில்கள். கடலோரச் சூழலில் சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் நீர் கூடாது. அதாவது 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 22.5 லிட்டர். மணலில் முன்பே உள்ள ஈரமும் இக்கணக்கில் சேரும். கலவை இறுக்கமாகத் தோன்றினால், பொறியாளர் சொல்லும் இளக்கிச் சேர்மத்தைக் கலக்கலாம். வாளியைத் தூக்குதல் கூடாது.

கலக்கும்போது நீரில் காட்டும் தாராளத்தை நீராற்றும்போது காட்டுவதில்லை என்பது விந்தையே. கொட்டிய கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. ஈரத்தில் நிகழும் வேதிவினையால் இறுகுகிறது. சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், வறண்ட வெயிற்காலத்தில் 10 நாளும் இடைவிடாது ஈரம் இருக்க வேண்டும். இன்று கடைகளில் பெரிதும் விற்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 14 நாள் நன்று. தளத்தில் பாத்தி கட்டி நீர் நிறுத்துவதை எல்லாரும் செய்கின்றனர். தூண்களைத்தான் மறந்துவிடுகின்றனர். வீட்டைத் தாங்குபவை தூண்களே. அவற்றின்மேல் நீர் நிற்காது. நனைந்த சாக்கைச் சுற்றிக் காலை, நண்பகல், மாலை என நனைக்க வேண்டும். தளத்தைத் தாங்கும் முட்டுகளையும் அவசரப்பட்டு எடுக்கலாகாது. இடைவெளி 4.5 மீட்டருக்குள் எனில் 7 நாளும், அதற்கு மேற்பட்டால் 14 நாளும் முட்டுகள் நிற்க வேண்டும்.

மணலை அளந்து வாங்குவோர் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளல் நலம். சிறிது ஈரமான மணல், உலர்ந்த மணலைவிடக் கால்பங்கு வரை உப்பித் தெரியும். அதை அப்படியே அளந்து கலந்தால் பணமும் குறையும், கலவையின் விகிதமும் மாறும். கண்ணாடிக் குவளையில் பாதியளவு மணலிட்டு, நீர் ஊற்றிக் குலுக்கிச் சில மணிநேரம் வைத்தால் வண்டல் மேலே தனி அடுக்காகப் படியும். அவ்வடுக்கு மணலின் உயரத்தில் 8 விழுக்காட்டைத் தாண்டினால் அம்மணல் ஆகாது.

நிலமும் வெடிப்பும்

கோரிமேட்டின் செம்மண்ணும், கடற்கரையின் மணலும், பாகூர்ப் பக்கத்து வயல்மண்ணும் ஒரே தன்மையன அல்ல. அண்டை வீட்டார் ஐந்தடி ஆழத்தில் கடைக்கால் போட்டார் என்பது நமக்கு அளவுகோல் ஆகாது. நெல்வயல் மனையானபோது மேலே கொட்டி நிரப்பிய மண்ணில் கடைக்கால் நிற்கக் கூடாது. அதனைக் கடந்து இயற்கை நிலத்தைத் தொட வேண்டும்.

சுவரில் வெடிப்பைக் கண்டதும் அஞ்சுவோரும் உண்டு. எதைக் கண்டும் அஞ்சாதோரும் உண்டு. வெடிப்பைப் படிக்கக் கற்பதே முறை. பூச்சில் சிலந்திவலைபோல் படரும் மயிரிழைக் கோடுகள், சாந்து விரைந்து உலர்ந்ததால் வருவன, ஆபத்தற்றவை. தூணும் செங்கற்சுவரும் கூடும் இடத்தில் நேராக இறங்கும் கோடு, இரு பொருள்கள் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதன் விளைவு. பூசும் முன் அங்குக் கம்பிவலை அடித்திருந்தால் பெரிதும் தவிர்ந்திருக்கும். சாளரத்தின் மூலையிலிருந்து படிப்படியாகச் சரிந்து செல்லும் வெடிப்பு கடைக்கால் ஒருபக்கம் இறங்குவதைக் காட்டலாம். அதன் இரு கரைகளிலும் பென்சிலால் குறியிட்டு, நாளும் எழுதி, மாதந்தோறும் அளந்து வர வேண்டும். வளருமாயின் பொறியாளரை அழைக்கக் காலம் தாழ்த்தலாகாது. மேல்தளத்தில் பழுப்புக் கறையுடன் நேர்கோடாக ஓடும் வெடிப்பு, முன்னர்க் கண்ட துருவின் கையெழுத்து.

மழை

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, ஒருநாளில் 45 சென்டிமீட்டருக்கும் மிகுதியான மழை நகரில் கொட்டியது. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் ஊரில் வீட்டின் தரைமட்டம் முதற்கேள்வியாக இருக்க வேண்டும். சாலையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அதன் மட்டம் உயர்கிறது, வீடு உயர்வதில்லை. இன்றைய சாலையைப் பார்த்துத் தரைமட்டம் வைத்தவர், பத்தாண்டில் படியிறங்கித் தம் வீட்டுக்குள் செல்வர். தமிழ்ப் பகுதியின் பழைய வீடுகள் தெருவினின்று உயர்ந்த திண்ணையோடு அமைந்தமை அழகுக்காக மட்டுமன்று.

மொட்டைமாடிக்குப் பத்தடிக்கு 2 அங்குலம் அளவிலான சரிவு வேண்டும். கைப்பிடிச்சுவரும் தளமும் கூடும் மூலையே பெரும்பாலும் ஒழுகும். அங்குச் சாந்தை வளைவாக அணைத்துக் கட்டுதல் நன்று. சன்ஷேடின் அடியோரத்தில் ஒரு சிறு காடி விட்டால் நீர் சுவருக்கு ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும்.

பழைய வீடுகளைப் புதுப்பிப்போர் சிமெண்டை மருந்தென நம்புவதும் உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி மீண்டும் வெளிவிடும் இயல்பினது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுச் செங்கல் பொரிந்து உதிரும். கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம், நெடுங்காலம் பழுது பார்க்கப்படாது நின்று, 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. பின்னர் அதே தோற்றத்தில் அதனை மீண்டும் கட்ட நேர்ந்தது.

மறையும் முன்

நகர அமைப்புக் குழுமத்தின் ஒப்புதல், பொறியாளரின் கம்பி வரைபடம், ஒப்பந்தக்காரருடன் எழுத்தில் செய்த உடன்படிக்கை ஆகிய மூன்றும் பணி தொடங்குமுன் கையில் இருத்தல் வேண்டும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு தொகை என்பதோடு, கம்பியைப் பொறியாளர் பார்த்து ஒப்பமிடாமல் கான்கிரீட் கொட்டலாகாது என்னும் ஒரு வரியும் உடன்படிக்கையில் இடம்பெற வேண்டும். பல சச்சரவுகள் அவ்வொரு வரி இல்லாமையால் எழுகின்றன.

கான்கிரீட் கொட்டும் நாளுக்கு முந்திய மாலை, வீட்டுக்காரர் அளவுநாடாவுடன் தளத்தில் ஏற வேண்டும். கம்பியின் இடைவெளி, அடியில் உள்ள கட்டிகள், மின்குழாய் செல்லும் வழி ஆகியவற்றைப் பார்த்து, அளவுநாடாவும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் நண்பகலுக்குள் அவை அனைத்தும் கண்ணுக்கு மறைந்துவிடும். அப்படங்களை வீட்டுப் பத்திரத்துடன் சேர்த்து வைத்தால், பல ஆண்டுகள் கழித்து மின்விசிறி மாட்டவோ மாடி எழுப்பவோ வருபவர், கம்பி எங்கே ஓடுகிறது என்று சுத்தியலால் தட்டித் தேட வேண்டியிராது.