மிதிவண்டி நெடும்பயணம்

மிதிவண்டி ஓர் எளிய ஊர்தி. அதற்குப் பெட்ரோலும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. ஏறி அமர்ந்தவருடைய கால்களே அதனை இயக்கும் பொறி. பள்ளிக்கும் கடைக்கும் வயலுக்கும் செல்ல உதவும் இவ்வூர்தியைக் கொண்டு ஒருவர் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும்? நான்கு நாளுக்குள் 1,200 கிலோமீட்டர் செல்லலாம் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கான மக்கள் அதனைச் செய்து காட்டுகின்றனர். பிரான்சு நாட்டில் பாரிஸ் நகரின் அருகிலிருந்து புறப்பட்டு, மேற்கே அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ள பிரெஸ்ட் துறைமுகத்தை அடைந்து, மீண்டும் புறப்பட்ட பகுதிக்கே திரும்பும் ‘பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ்’ என்னும் நெடும்பயணமே அது.

இதன் வரலாறு 1891-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அக்காலத்தில் மிதிவண்டியை ஒரு விளையாட்டுப் பொருளாகவே பலர் கருதினர். அது நெடுவழிக்கும் ஏற்ற உறுதியான ஊர்தி என்பதை உலகறியச் செய்ய விரும்பினார், ‘லெ பெத்தி ழூர்னால்’ என்னும் நாளிதழின் ஆசிரியராக விளங்கிய பியர் ழிபார். அவருடைய முயற்சியால், அவ்வாண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் 206 பேர் பாரிஸிலிருந்து புறப்பட்டனர். சாலைகளோ கரடுமுரடானவை. வண்டிகளோ இக்காலத்து வண்டிகளைவிட மிகவும் கனத்தவை. மேட்டில் ஏறும்போது மிதிப்பதை எளிதாக்கும் கியர் அமைப்பும் அன்று இல்லை.

அவர்களுள் சார்ல் தெரோன், ழியேல் லாவல் என்னும் இருவர் முன்னணியில் சென்றனர். தெரோனின் வண்டியில் மிச்செலின் நிறுவனத்தார் புதிதாகச் செய்த டயர்கள் பொருத்தப்பட்டிருந்தன. அதுவரை இருந்த காற்று டயர்கள் சக்கரத்தோடு ஒட்டப்பட்டவை. ஆணி குத்தினால் அவற்றைப் பிரித்துச் செப்பனிட்டு மீண்டும் ஒட்ட நெடுநேரம் ஆகும். புதிய டயரையோ விரைவில் கழற்றி மாட்டலாம். எனினும் வெற்றியை முடிவு செய்தது டயர் மட்டும் அன்று. பிரெஸ்டிலிருந்து திரும்பும் வழியில், இரவில், முன்னால் சென்ற லாவல் களைப்பு மிகுந்து கேங்கான் என்னும் ஊரில் உறங்கினார். அவர் உறங்குவதை அறிந்த தெரோன் ஓசையின்றி அவ்வூரைக் கடந்து சென்றார். உறக்கமே இன்றி 71 மணி 22 நிமிட நேரத்தில் பாரிஸை அடைந்து முதல்வரானார். லாவல் பல மணி நேரம் பின்தங்கி இரண்டாமவராக வந்தார்.

உறங்காதவர் வென்றார், உறங்கியவர் தோற்றார். இதனைக் கேட்போர், உறக்கத்தை வெல்வதே இப்பயணத்தின் வெற்றிக்கு வழி என்று எண்ணக்கூடும். அது முழு உண்மை அன்று. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

தொடக்கத்தில் இப்பந்தயம் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்றது. 1901-இல் மொரீஸ் கரேன் என்பவர் 52 மணி 11 நிமிடத்தில் முடித்து வென்றார். 1903-இல் நடந்த முதலாவது ‘தூர் தெ பிரான்சு’ பந்தயத்திலும் வெற்றி பெற்றவர் அவரே. 1931-இல் ஆஸ்திரேலியராகிய ஊபர்ட் ஓப்பர்மன் 49 மணி 23 நிமிடத்தில் முதல்வரானார். பிற்காலத்தில் அவர் தம் நாட்டின் அமைச்சராகவும் உயர்ந்தார். பரிசுக்காக ஓட்டும் தொழில்முறை வீரர்களின் பந்தயம் 1951-ஆம் ஆண்டோடு முடிவுற்றது. ஆனால் பயணம் முடிவுறவில்லை. பொதுமக்களும் பங்கு கொள்ளும் பயணம் ஒன்றைப் பாரிஸில் உள்ள ஒரு மிதிவண்டிக் கழகம் 1931-இலேயே தொடங்கியிருந்தது. இன்றும் நடைபெற்று வருவது அதுவே. இதில் முதற்பரிசு இல்லை. குறித்த நேரத்திற்குள் முடித்தவர் அனைவரும் வென்றவரே.

இப்பயணத்தில் சேர விரும்புவோர் முதலில் தம் தகுதியை மெய்ப்பித்தல் வேண்டும். அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் என நான்கு பயணங்களை முடித்திருத்தல் வேண்டும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணியும், 300-க்கு 20 மணியும், 400-க்கு 27 மணியும், 600-க்கு 40 மணியும் எல்லை. படிப்படியாக ஏறி மாடியை அடைவது போன்றது இம்முறை. 

பங்கு கொள்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை வழங்கப்படும். வழியில் உள்ள கண்காணிப்பு நிலையங்களில் எல்லாம் குறித்த நேரத்திற்குள் சென்று அவ்வட்டையில் முத்திரை பெறுதல் வேண்டும். முன்னறிவிப்பு இன்றி அமைக்கப்படும் மறைவான நிலையங்களும் உண்டு. குறுக்கு வழியில் செல்ல நினைப்பவர் அங்கே அகப்படுவர். இரவில் முன்விளக்கும் பின்விளக்கும் எரிதல் வேண்டும்; ஒளியைத் திருப்பிக் காட்டும் மேலங்கியும் அணிதல் வேண்டும். சாலையில் வண்டி பழுதுபட்டால் ஓட்டுபவர் தாமே செப்பனிடுதல் வேண்டும். துணைக்கு வருவோர் குறிப்பிட்ட நிலையங்களில் மட்டுமே உதவலாம்.

பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் கால எல்லை 90 மணி. 1,200 கிலோமீட்டரை 90 மணியால் வகுத்தால், மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாக வரும். “இவ்வளவுதானா! என்னாலும் இயலுமே!” என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் கடிகாரம் எவருக்காகவும் நிற்பதில்லை. உண்பதற்கும் முத்திரை பெறுவதற்கும் பழுது நீக்குவதற்கும் பன்னிரண்டு மணியும், உறங்குவதற்கு எட்டு மணியும் கழித்தால் எஞ்சுவது எழுபதே மணி. அப்பொழுது மணிக்குப் பதினேழு கிலோமீட்டர் செல்லுதல் வேண்டும். வழியோ சமநிலம் அன்று. மேடும் பள்ளமும் அலைபோல் மாறி மாறி வரும். ஏறும் மேடுகளை எல்லாம் கூட்டினால் பத்தாயிரம் மீட்டருக்கும் மேற்படும். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் கூட 8,849 மீட்டரே அன்றோ!

இத்தகைய உழைப்பிற்கு உணவே முதல் துணை. நம் உடல் தசைகளிலும் ஈரலிலும் சர்க்கரைச் சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. கடுமையாக மிதித்தால் அச்சேமிப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்ந்துபோகும். தீர்ந்தபின் கால்கள் திடீரென்று வலுவிழக்கும்; தலை சுற்றும். ஆதலால் பசி தோன்றுமுன் சிறிது சிறிதாக உண்பதும், தாகம் தோன்றுமுன் நீர் பருகுவதும் நெடுவழிப் பயணிகளின் வழக்கம். வியர்வையில் உப்பும் வெளியேறுவதால் உப்பும் சேர்த்துக் கொள்வர். கைப்பிடியை நெடுநேரம் அழுத்துவதால் விரல்கள் மரத்துப் போகும், முழங்கால் நோகும், கழுத்து வலுவிழந்து தலை நிமிர மறுப்பதும் உண்டு.

இவற்றை எல்லாம்விடக் கொடியது உறக்கம். பின்னிரவு இரண்டு மணி முதல் விடியும் வரை, உடல் இயல்பாகவே சோர்வடையும் நேரம். அப்பொழுது கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடிகள் உறங்கிவிடும். மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, நான்கு நொடியில் இருபத்திரண்டு மீட்டர் ஓடிவிடும். அந்த இருபத்திரண்டு மீட்டரிலும் வண்டியைச் செலுத்துபவர் எவரும் இலர்! எதிரே ஒரு வளைவு இருக்கலாம். ஒரு பார வண்டி வரலாம். மரத்தின் நிழலை மனிதன் என்று எண்ணி அஞ்சியவர்களும், இல்லாத உருவங்களைக் கண்டவர்களும் பலர்.

அந்நேரத்தில் செய்யத்தக்கது யாது? வண்டியை நிறுத்தி உறங்குவதே ஆகும். நிலையங்களில் படுக்கைகள் உள்ளன. எழ வேண்டிய நேரத்தைச் சொல்லிவிட்டுப் படுத்தால், தொண்டர்கள் அந்நேரத்தில் வந்து தட்டி எழுப்புவர். நிலையம் தொலைவில் இருப்பின், வெள்ளிபோல் மின்னும் மெல்லிய போர்வையைச் சுற்றிக்கொண்டு சாலையோரப் புல்லிலேயே கால்மணி நேரம் கண்ணயர்வர். அச்சிறு உறக்கம் பல மணி நேரப் பயணத்திற்குத் தெளிவு தரும். தெரோன் உறங்காமல் வென்றது உண்மையே. ஆயினும் அவ்வாறு செய்து, சாலையில் விழுந்து, கையொடிந்தவர்களின் கதை வெற்றிப் பட்டியலில் இடம்பெறுவது இல்லை.

வழிநெடுக வாழும் மக்களின் அன்பையும் இங்குக் கூறுதல் வேண்டும். நள்ளிரவிலும் வீட்டு வாயிலில் மேசை இட்டு, காப்பியும் நீரும் தின்பண்டமும் வைத்துக் காத்திருப்பர். பெரும்பாலும் காசு வாங்கமாட்டார்கள். 1910-இல், மிதிவண்டிச் சக்கரம் போன்ற வட்ட வடிவில் ‘பாரிஸ்-பிரெஸ்ட்’ என்ற பெயருடன் ஓர் இனிப்புப் பண்டமே தோன்றியது. அது இன்றும் பிரான்சு நாட்டுக் கடைகளில் விற்கப்படுகிறது.

2019, 2023 ஆகிய ஆண்டுகளில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் பல நாடுகளிலிருந்தும் வந்து கலந்துகொண்டனர். நம் இந்திய நாட்டினரும் அவர்களுள் இருந்தனர். வெயிலில் பழகிய அவர்களுக்கு, ஆகஸ்டு மாதத்தும் நடுக்கும் அந்நாட்டு இரவுக் குளிர் பெருஞ்சோதனையாக அமைந்தது. சிலர் முடித்து மகிழ்ந்தனர். சிலர் இடைவழியில் நின்றனர்.

இடையில் நின்றவர்களைத் தோற்றவர்கள் என்று கூறலாமா? “இன்னும் ஐம்பது கிலோமீட்டர்தானே!” என்று மனம் ஆசை காட்டும்போது, “என் கண்கள் மூடுகின்றன, இனி ஓட்டுவது தகாது” என்று இறங்கி நிற்பதற்கும் ஒரு துணிவு வேண்டும். நான்கு ஆண்டுகள் காத்திருந்து, கடல் கடந்து வந்து, ஊரார் எதிர்பார்த்திருக்க, அவ்வாறு இறங்குவது எளிதன்று. ஆனால் உயிரோடு திரும்பியவருக்கே அடுத்த பயணம் உண்டு.

எவ்வளவு உண்பது, எங்கே நிற்பது, எப்பொழுது உறங்குவது, எப்பொழுது எழுவது என்று அளவறிந்து நடப்பவரே இந்நெடுவழியை முடிக்கின்றனர். கால்களின் வலிமை பாதி வழி கொண்டு செல்லும். மீதி வழியைக் கடத்துவது அளவறியும் அறிவே. தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் கண்விழித்துப் படிக்கும் மாணவர்களும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.