கார் சிறுத்தது, பூச்சு சிறுக்கவில்லை!

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், பெருங்களத்தூரைத் தாண்டியதும் வண்டலூர் வருகிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு உயிரியல் பூங்காதான் நினைவுக்கு வரும். வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஒரு கார் தொழிற்சாலையைச் சொல்லக்கூடும். ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1988 வரை அங்கே கார்களைச் செய்தது. 1961-இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அவற்றுள் புகழ் பெற்றது. அதன் முன்பக்க மூடி முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும்.

அந்த ஹெரால்டின் நீளம் ஏறக்குறைய 3.9 மீட்டர். அதை 24-இல் ஒரு பங்காகச் சிறுக்கி ஒரு பிளாஸ்டிக் மாதிரி செய்திருக்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். அதன் நீளம் 16 செ.மீ.; ஒரு புதுப் பென்சிலை விடச் சற்றுக் குறைவு. சக்கரம், கதவு, கைப்பிடி எல்லாம் அதே விகிதத்தில் சிறுத்துவிட்டன. இனி வண்ணம் பூச வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

உண்மையான காரின் மேலுள்ள பூச்சின் மொத்தக் கனம் சுமார் 0.1 மி.மீ. நீங்கள் தூரிகையால் இரண்டு மூன்று முறை இனாமல் பெயிண்ட் பூசினாலும் ஏறக்குறைய அதே 0.1 மி.மீ. கனம் ஏறிவிடுகிறது. மாதிரி 24 மடங்கு சிறியது அல்லவா? ஆகவே பார்ப்பவர் கண்ணுக்கு அது உண்மையான காரின் மேல் 2.4 மி.மீ. கனத்தில் பெயிண்டை அப்பியதற்குச் சமம்! கதவுக்கும் உடலுக்கும் நடுவேயுள்ள இடுக்கு உண்மையான காரில் 5 மி.மீ. என்றால் மாதிரியில் 0.2 மி.மீ. இடுக்கின் இரு ஓரங்களிலும் 0.1 மி.மீ. பெயிண்ட் ஏறினால் என்ன ஆகும்? இடுக்கே இராது. கதவில்லாத காராகிவிடும். ஆசையாகப் பூசிய மாதிரிக் கார்கள் பல, பஞ்சுமிட்டாய் வண்டியில் விற்கும் பொம்மை போலத் தோன்றுவதற்கு முதற்காரணம் இதுதான். வண்ணத் தேர்வில் பிழை இல்லை, கனத்தில்தான் பிழை.

ஆகவே மெல்லிய பூச்சு வேண்டும். மெல்லிய பூச்சுக்குப் பெயிண்டை நீர்க்கச் செய்ய வேண்டும். எதைக் கலந்து நீர்க்கச் செய்வது?

"ஹார்டுவேர் கடையில் தின்னர் கிடைக்குமே" என்பீர்கள். சற்றுப் பொறுங்கள். முதலில் ஒரு சோதனை. ஒரு தெர்மோகோல் துண்டைக் கண்ணாடித் தட்டில் வையுங்கள். நகச்சாயம் நீக்கும் திரவம், அசிட்டோன் உள்ளதாகப் பார்த்து, இரண்டு சொட்டு விடுங்கள். (அருகில் அடுப்போ ஊதுவத்தியோ கொசுவத்தியோ எரியக் கூடாது. சன்னல் திறந்திருக்கட்டும்.) தெர்மோகோல் சீறிக்கொண்டு உள்ளே அமிழ்ந்து குழியாவதைக் காண்பீர்கள். அது எரியவில்லை, உருகவுமில்லை, கரைகிறது. தெர்மோகோல் என்பது காற்று நிரப்பி ஊதிப் பெருக்கிய பாலிஸ்டைரின். கடைகளில் பெட்டியில் வரும் மாதிரிக் கார்களின் பாகங்களும் பெரும்பாலும் அதே பாலிஸ்டைரின்தான். காற்றுக்குமிழ் இல்லை என்பதே வேற்றுமை. பட்டறைகளில் பயன்படும் தின்னரில் டொலுவீன், அசிட்டோன் போன்ற வலிய கரைப்பான்கள் உள்ளன. அதைத் தாராளமாகக் கலந்து காரில் பூசினால், ஹெரால்டின் முகவிளக்கு வளையமும் கதவுக் கைப்பிடியும் மெழுகுபோல் மழுங்கிவிடும். பிறகு எந்தப் பட்டியாலும் அதைச் சரி செய்ய இயலாது.

எனவே முதல் காருக்கு நான் சொல்வது நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம். எழுதுபொருள் கடைகளிலேயே சிறு புட்டிகளில் கிடைக்கிறது. நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் நீரில் மிதக்கும் கலவை அது. நீர் ஆவியானதும் மணிகள் ஒன்றையொன்று நெருங்கி ஒட்டி ஒரே படலமாகின்றன. பாலிஸ்டைரினுக்கு நீரால் எந்தத் தீங்கும் இல்லை. பெயிண்ட் பால் பதத்துக்கு வரும்வரை நீர் சேருங்கள். தட்டையான மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் இழுங்கள். பாதி உலர்ந்த இடத்தில் மீண்டும் தூரிகையை வைக்காதீர்கள். படலம் கிழிந்து திரளும். முதற்பூச்சில் பிளாஸ்டிக் தெரியத்தான் செய்யும். அதைக் கண்டு மனம் தளர்ந்து கெட்டியாக அப்பிவிடுகிறவர்களே அதிகம். நான்கு மெல்லிய பூச்சுகள் சேர்ந்தாலும் ஒரு கெட்டிப் பூச்சின் கனம் வராது. ஆனால் நிறம் முழுமையாக வந்துவிடும்.

பூசும்போது சில இடங்களில் பெயிண்ட் ஒட்டாமல், தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு விலகலாம். நீருக்குப் பரப்பு இழுவிசை மிகுதி. பிளாஸ்டிக்கோ அதை எளிதில் ஈர்ப்பதில்லை. மேலும், அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்று வரத் தொழிற்சாலையில் தடவிய வழவழப்புப் பொருளும், உங்கள் விரலின் எண்ணெயும் மேலே படிந்திருக்கும். பூசுவதற்கு முன்பே சோப்பு நீரில் பாகங்களைக் கழுவி உலர்த்திவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. பின்பு வாட்டர் பேப்பரால் நீர்விட்டு இலேசாகத் தேய்த்தால் மீதியும் தீரும்.

சிவப்பும் மஞ்சளும் பூசுகிறவர்களுக்கு இன்னொரு துன்பம் உண்டு: எத்தனை முறை பூசினாலும் அடியிலுள்ள கறுப்போ சாம்பலோ எட்டிப் பார்க்கும். அடிநிறத்தை மறைக்கும் ஆற்றல் நிறமிக்கு நிறமி வேறுபடுகிறது. ஒளியை எந்த அளவு வளைக்கிறதோ அந்த அளவு மறைக்கும். பெயிண்டிலுள்ள பிசினின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. வெள்ளை நிறமியான டைட்டேனியம் டை ஆக்சைடுக்கு 2.7. இந்த வேறுபாட்டால் ஒளி சிதறித் திரும்புகிறது, அடியிலிருப்பது தெரிவதில்லை. ஆகவே முதலில் வெள்ளையை மெல்லியதாகப் பூசி, அதன்மேல் சிவப்பைப் பூசுங்கள். இந்த வெள்ளைப் பொடிக்கு மூலமான இல்மனைட் என்ற கரிய மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறது என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். கரிய மணலிலிருந்து வெண்மையான நிறமி!

அக்ரிலிக்கில் கை தேர்ந்த பின், தெளிக்கும் பெயிண்ட் டப்பாவுக்குப் போக ஆசை வரும். வரட்டும். ஆனால் அதிலிருப்பது வலிய கரைப்பான். அதை மாதிரிக் காரில் நேரே அடிக்காமல், பாகங்களைத் தாங்கி வந்த பிளாஸ்டிக் சட்டத்தில் முதலில் அடித்துப் பாருங்கள். சட்டமும் காரும் ஒரே பொருள். சட்டம் தாங்கினால் காரும் தாங்கும். சுமார் 25 செ.மீ. தொலைவிலிருந்து, கையை நிறுத்தாமல் பக்கவாட்டில் ஓட்டியபடி அடிக்க வேண்டும். அருகில் சென்றால் பெயிண்ட் வழியும். மிகவும் விலகினால் துளிகள் காற்றிலேயே உலர்ந்து, மேற்பரப்பில் மாவு தூவியது போல் விழும். இதைத் திறந்த வெளியில், மூக்கு வாயை மூடிக்கொண்டு, பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போதுதான் செய்ய வேண்டும். சாதாரணத் துணிமுகமூடி துளிகளைத் தடுக்கும். டொலுவீன் ஆவியைத் தடுக்காது. ஆகவே காற்றோட்டமே உண்மையான பாதுகாப்பு.

இங்கே தாம்பரத்துக்காரர்களுக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. கார்த்திகை மாதத்து மழை ஓய்ந்த ஒரு காலையில் கறுப்புப் பெயிண்டைத் தெளித்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளக்க வேண்டிய கறுப்பு, பால் படர்ந்தது போல் வெளுத்துவிடும். பெயிண்ட் மட்டமானது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். குற்றவாளி காற்றிலிருக்கும் நீராவி.

கைகளில் கிருமிநாசினித் திரவம் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா? கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. அதாவது பூச்சின் மேற்பரப்பு நான்கு டிகிரி குளிர்ந்தாலே போதும், அதன்மேல் நுண்ணிய நீர்த்துளிகள் படியத் தொடங்கும். அவை பிசினோடு சேராமல் நின்று ஒளியைச் சிதறடிக்கின்றன; அதுவே வெண்படலம். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் பனிநிலை 18 டிகிரிக்கு இறங்கிவிடும். பன்னிரண்டு டிகிரி குளிர்ந்தால்தான் தொல்லை. ஆகவே மழைக்காலத்தில் பொறுத்திருங்கள். மற்ற மாதங்களில் வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று வந்து சேருமுன் தெளியுங்கள். வெப்பநிலை உயரும்போது அதே அளவு நீராவிக்கு ஒப்பு ஈரப்பதம் குறையும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் பூசிய காரை நேர் வெயிலில் வைக்க வேண்டாம். மேலே தோல் கட்டி, உள்ளே சிக்கிய கரைப்பான் கொப்புளமாகக் கிளம்பும்.

இந்தத் தொல்லையைத் தொழிற்சாலைகள் எப்படிச் சமாளிக்கின்றன? நம் பக்கத்தில் அவற்றுக்குக் குறைவில்லை. மறைமலைநகரில் ஃபோர்டு 1999 முதல் 2022 வரை கார் செய்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் செய்கிறது. இத்தகைய ஆலைகளில் பெயிண்ட் தெளிக்கும் கூடம் ஒரு தனி உலகம். காற்றை வடிகட்டி, சுமார் 23 டிகிரி வெப்பநிலையிலும் 65 சதவீத ஈரப்பதத்திலும் நிறுத்தி வைப்பது வழக்கம். இரும்பு உடலை முழுதாகத் தொட்டியில் மூழ்கவைத்து, மின்சாரத்தின் உதவியால் முதற்பூச்சைப் படியச் செய்து, சுமார் 170 டிகிரியில் சுடுகிறார்கள். நம் மாதிரியை அந்த அடுப்பில் வைத்தால் பிளாஸ்டிக் கட்டிதான் திரும்பி வரும். பாலிஸ்டைரின் 100 டிகிரியிலேயே இளகிவிடுகிறது. உண்மையான காரிலும் பிளாஸ்டிக் பம்பரைத் தனியாகப் பூசிக் குறைந்த சூட்டில் உலர்த்துவது இதனால்தான்.

அடுப்பில்லாத நமக்கு உள்ள ஒரே கருவி பொறுமை. உலர்தல் என்பது எல்லாப் பெயிண்டுக்கும் ஒன்றல்ல. இனாமல், கரைப்பான் பறந்த பிறகும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. தொட்டால் ஒட்டாது, ஆனால் நகத்தால் அழுத்தினால் தடம் விழும். அதற்குச் சில நாட்கள் வேண்டும். தொடக்க காலக் கார்களுக்கு இத்தகைய எண்ணெய் சார்ந்த பூச்சுகளே இருந்தன. ஒரு காரை முடிக்க வாரக்கணக்கில் ஆயிற்று. 1923-இல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் கொண்டு வந்தது. அது கரைப்பான் ஆவியாவதாலேயே உலர்வது; வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. நம்மூர்ப் பட்டறைகளில் இன்றும் எந்தக் காருக்குப் பெயிண்ட் அடித்தாலும் "டூகோ அடித்தாயிற்று" என்பவர்கள் உண்டு. அந்தச் சொல்லின் பூர்வீகம் இதுதான். உங்கள் மாதிரி முழுவதும் உலர்ந்ததா என்று அறிய எளிய வழி, முகர்ந்து பார்ப்பது. கரைப்பான் மணம் வீசினால் இன்னும் உலரவில்லை.

உலர்ந்த பின்பே மெருகு. 1000 எண் வாட்டர் பேப்பரின் துகள் சுமார் 18 மைக்ரான். 2000 எண் சுமார் 10 மைக்ரான். நீர்விட்டு, முன்னதால் தொடங்கிப் பின்னதால் முடியுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். கீறல்கள் அந்த அளவை நெருங்கச் சிறுத்தால்தான் பரப்பு கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும். ஆகவே கடைசியில் பற்பசையைத் துணியில் தொட்டு மென்மையாகத் தேய்க்க வேண்டும். விளிம்புகளில் அழுத்தாதீர்கள், பூச்சு மெல்லியதாகையால் பிளாஸ்டிக் வெளிவந்துவிடும். வீட்டில் கிடக்கும் பழைய பெயிண்ட் டப்பாவைப் பயன்படுத்தியிருந்தால் மட்டும் தேய்க்கவே வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017-இல்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

வெள்ளி மினுக்கு நிறம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சொல். கார் பெயிண்டிலுள்ள அலுமினியச் செதில் 20 மைக்ரான் என்றால், மாதிரியில் அது அரை மில்லிமீட்டர்ச் சரிகைத்துண்டு போல் தோன்றும். செதில் பொடியாக உள்ள பெயிண்டைத் தேடுங்கள். இல்லையேல் ஒற்றை நிறமே அழகு.

இனிக் கண்ணாடிகளைப் பொருத்த வேண்டியதுதான். உடனடிப் பசையைக் கையில் எடுத்துவிடாதீர்கள். அதன் ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி, தெளிந்த பிளாஸ்டிக்கின் மேல் வெண்புகையாகப் படியும். விரல் பட்ட இடங்களில் இன்னும் அழுத்தமாகப் படியும். காவல் துறையினர் கைரேகையை வெளிப்படுத்த இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் காரின் முன்கண்ணாடியில் உங்கள் ரேகையே தெரிய வேண்டாம் என்றால், மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையை ஊசி முனையால் ஓரத்தில் தொட்டு ஒட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது பாலாகத் தெரியும்; விடிவதற்குள் தெளிந்துவிடும்.