விழுந்துவிடுவோம் என்னும் அச்சம்

நல்லம்பள்ளி வாரச் சந்தைக்கு வரும் முதியோரைக் கவனித்திருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு விஷயம் புதிதாயிராது. வாரந்தோறும் தடியூன்றி வந்துகொண்டிருந்த மூதாட்டி சில வாரங்களாகக் காணப்படமாட்டார். விசாரித்தால், “வாசற்படியில் கால் தடுக்கி விழுந்தார், பெரிய அடி ஒன்றுமில்லை, ஆனால் அன்று முதல் வெளியே வருவதில்லை” என்று வீட்டார் கூறுவர். எலும்பு முறியவில்லை, சிராய்ப்பும் ஆறிவிட்டது. நடமாட்டம் மட்டும் நின்றுவிட்டது. அதனை நிறுத்தியது அடியன்று, அச்சம். இவ்வச்சத்தை அறிந்துகொள்வது எவ்வாறு, அளவிடுவது எவ்வாறு என்பதையே நாம் இங்கு கூறப் புகுந்தோம்.

வைத்திய உலகம் இதனைத் தனியாக ஆராயத் தொடங்கி நெடுங்காலம் ஆகவில்லை. விழுந்தெழுந்த முதியோர் சிலர் நடக்கவே அஞ்சி, கைக்கு எட்டியதையெல்லாம் பற்றிக்கொண்டு நிற்பதை மர்ஃபி, ஐசக்ஸ் என்னும் இருவர் 1982-ஆம் ஆண்டில் விவரித்தனர். ஒரு முறையும் விழாதவரிடத்தும் இவ்வச்சம் உண்டென்பது பின்னர்ப் புலனாயிற்று. அச்சமுற்றவர் உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்த கால்களின் தசை மெலிகிறது. உடலை நிலைநிறுத்தும் பழக்கம் மங்குகிறது. பின்னர் ஒரு நாள் எழுந்து நடக்கும்போது உண்மையாகவே தள்ளாடுகிறார். எதற்கு அஞ்சினாரோ அதனையே அச்சம் வருவித்துவிடுகிறது.

இதில் வீட்டாருக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. “ஆயா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நாங்கள் எடுத்துத் தருகிறோம்” என்பது அன்பினால் வரும் சொல்தான். ஆயினும் நாள் முழுவதும் அதனைக் கேட்கும் முதியவர், தம்மால் ஒன்றும் இயலாது என்றே நம்பத் தலைப்படுகிறார்.

அச்சம் அனைத்தும் வீண் என்று நாம் கூறவில்லை. நம் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊர்கள் பல. அந்நீரைப் பல்லாண்டு பருகியவர்களுக்கு முதுகும் மூட்டுகளும் இறுகிப்போவதுண்டு. திரும்பவும் குனியவும் கடினமாகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது இதன் பொருட்டே. ஆனால் அதற்கு முன்னரே இறுகிய மூட்டுகளை நல்ல நீர் இளக்கிவிடாது. குழித்தறியில் இறங்கி ஏறும் நெசவாளரும், ஈர வரப்பில் நடக்கும் குடியானவரும் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கலாம். ஆகவே அச்சத்தையும் பார்க்க வேண்டும், அபாயத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றதை முடிவுசெய்தல் ஆகாது. சிட்னி நகரில் 70 முதல் 90 வயதுவரை உள்ள 500 பேரை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவு இதனைத் தெளிவாக்குகிறது. அவர்களுள் நூற்றுக்கு 11 பேர் அபாயம் குறைவாயிருந்தும் மிக அஞ்சினர். நூற்றுக்கு 20 பேர் அபாயம் மிகுந்திருந்தும் அஞ்சவில்லை.

முதலில் அச்சம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டினெட்டியும் அவருடன் உழைத்தவர்களும் 1990-இல் பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை அமைத்தனர். ஐரோப்பிய அறிஞர்கள் 2005-இல் அதனைப் பதினாறு கேள்விகளாக விரித்தனர். பின்னர் ஏழாகச் சுருக்கியும் வைத்தனர். வீட்டில் கேட்க அவ்வேழு போதும். உடுத்தும்போதும் களையும்போதும், குளிக்கும்போது, நாற்காலியில் அமர்ந்து எழும்போது, படி ஏறி இறங்கும்போது, தலைக்கு மேலோ தரையிலோ உள்ள பொருளை எடுக்கும்போது, மேட்டில் ஏறி இறங்கும்போது, கோயிலுக்கோ உறவினர் வீட்டு விசேஷத்துக்கோ போகும்போது விழுந்துவிடுவோம் என்ற கவலை எவ்வளவு? சிறிதும் இல்லையெனில் 1, சற்று உண்டெனில் 2, ஓரளவு மிகுதியெனில் 3, மிக அதிகமெனில் 4. கூட்டினால் 7 முதல் 28 வரை வரும். 7, 8 குறைந்த கவலை. 9 முதல் 13 வரை நடுத்தரம். 14-ம் அதற்கு மேலும் மிகுந்த கவலை. ஒரு செயலை அறவே விட்டுவிட்டவரிடம், “செய்வதாயிருந்தால் எவ்வளவு கவலைப்படுவீர்கள்?” என்று கேட்டல் வேண்டும், இன்றேல் கணக்கு தவறிவிடும்.

கேட்கும் முறையிலும் கருத்து வேண்டும். பலர் கூடியிருக்கையில் கேட்டால் உண்மை வராது. நம் ஊர்ப் பெரியவர்களுள் சிலர், “பயமா, எனக்கா?” என்று மீசையை நீவுவர். அவர்களிடம் அச்சம் என்ற சொல்லையே எடுக்காமல், “சென்ற ஆண்டு செய்துகொண்டிருந்து இப்போது விட்டுவிட்டது என்ன, தாத்தா?” என்று கேட்டால் போதும்.

அடுத்தது அபாயம். கைப்பிடியுள்ள நாற்காலியில் அவரை அமர்த்தி, அதிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு கோடு இடுக. அவர் எழுந்து, வழக்கமான நடையில் கோடு வரை சென்று, திரும்பி வந்து அமரட்டும். தடி பிடிப்பவராயின் தடியுடனேயே நடக்கலாம். ஒருவர் பக்கத்தில் நின்று காத்துக்கொள்ள வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆயின் வைத்தியரிடம் காட்டுதல் நன்று. படுத்திருந்து எழுந்ததும் இரத்த அழுத்தம் தாழ்கிறதா, தூக்க மாத்திரை உண்கிறாரா, கண்புரை உண்டா, நீரிழிவினால் பாதம் மரத்திருக்கிறதா என்பனவற்றை அவர் பார்ப்பார்.

அபாயம் குறைவு, அச்சமே மிகுதி என்று தெரிந்தால், அதட்டுவதால் பயனில்லை. நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து அமர்வதைத் தினமும் சில முறை பழகலாம். நடையைத் திண்ணை வரை, பிறகு தெருமுனை வரை, பிறகு கோயில் வரை என்று நீட்டிக்கொண்டே போகலாம். குழித்தறியின் ஓரத்தில் உறுதியான ஒரு கட்டையை நட்டுவைத்தால் இறங்கி ஏறுவோருக்குப் பிடிமானமாகும், செலவும் சொற்பமே. அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிற்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கவும் வகை செய்யப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கும்போது மேற்கண்ட கூட்டுத்தொகையும் விநாடிக் கணக்கும் எழுதிய தாளைக் கொண்டுபோவது உதவியாயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பலர் அஞ்சுவது விழுவதற்கன்று. விழுந்தபின் எழ முடியாமல், யாரும் இல்லாத வீட்டில் கிடப்பதற்கே. எழும் வித்தையைக் கற்பிக்கலாம். முதலில் ஒருக்களித்துப் படுத்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் கொள்ள வேண்டும். அப்படியே கட்டில்வரை தவழ்ந்து சென்று, அதன்மேல் கைகளை வைத்து, வலுவான காலை முன்னே ஊன்றி எழுந்து, திரும்பிக் கட்டிலில் அமர வேண்டும். விழுந்து அடிபட்ட நாளில் அன்று, நலமாயிருக்கும் ஒரு நாளில், பாய் விரித்து, பேரனோ மகளோ பக்கத்தில் இருக்க, இரண்டு மூன்று முறை பழக்கி வைக்கலாம்.