சின்ன யானைக்கு உப்பு ஆகாது!

போன ஐப்பசி மழையில் ஒரு நாள். மச்சானுடைய மினி லாரியில் முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்து காலை ஊன்றினேன். காலடியில் 'க்ரக்' என்று ஒரு சத்தம். மேட்டைத் தூக்கிப் பார்த்தால்... திருப்பருத்திக்குன்றம் ஜைனர் கோயில் தெரு தெரிகிறது!

"காத்தோட்டமா இருக்கில்ல மாமா?" என்றான் மச்சான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வண்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதி, என் மனைவியின் ரெட்டை வடச் சங்கிலி. அது இன்னும் அடகுக் கடையில் தூங்குகிறது.

'சின்ன யானை' என்று ஊரே செல்லமாகக் கூப்பிடும் ரகம். செகண்ட் ஹாண்டில் வாங்கியபோது புது பெயிண்ட்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது. போன பிறவியில் மரக்காணத்து உப்பு மூட்டை சுமந்த யானை அது என்பது பிறகுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு நம்ம ஆள் வேறு ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றி, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓட்டியிருக்கிறான்.

பட்டறைக்காரர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெயிண்ட்டைப் பார்த்து வண்டி வாங்கறது, கோட்டைப் பார்த்து மாப்பிள்ளை எடுக்கிற மாதிரி ஸார்!"

உண்மையில் உப்பு இரும்பைத் தின்பதில்லை. தின்பவர்கள் தண்ணீரும் காற்றில் உள்ள ஆக்ஸிஜனும்தான். உப்பு பந்தி விசாரிக்கிறது! துருப்பிடிப்பது என்பது மிக மெல்லிய மின்சார விளையாட்டு. தண்ணீரில் உப்பு கரைந்தால் மின்சாரம் சுலபமாக ஓடும். துரு வேகம் பிடிக்கும். தவிர, உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். வண்டி காய்ந்த மாதிரி தெரியும், காய்ந்திருக்காது.

அமெரிக்காவில் பனி உருகுவதற்காக ரோட்டிலேயே உப்பைக் கொட்டுகிறார்கள். பிக்கப் வண்டிகளின் சேஸிஸுக்குத் துருத் தடுப்பு போதவில்லை என்று அங்கே வழக்குப் போட, டொயோட்டா கம்பெனி 2016-ல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்காக 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு வந்தது.

அவ்வளவு தூரம் ஏன்? 1914-ல் திறந்த நம் பாம்பன் ரயில் பாலம் நூறு வருஷத்துக்கு மேல் கடல் காற்றோடு மல்லுக்கட்டியது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தும்படி ஆயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்து இரும்புக்கு முதலில் துத்தநாகப் பூச்சு, அப்புறம்தான் பெயிண்ட். துத்தநாகம் ஒரு தியாகி. இரும்பை விட்டுவிட்டு முதலில் தான் அரிபடும்.

பட்டறையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்:

உப்பு, மீன் லோடு இறக்கினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மேலே அல்ல, அடியில்! கரிக்கிற போர் தண்ணீர் என்றால் கழுவியும் பிரயோஜனமில்லை.

கதவுக்கு அடியிலும் தொட்டியிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. ஈர்க்குச்சி விட்டு அடைப்பை எடுக்க வேண்டும். என் மச்சான் "தூசு வருது" என்று அத்தனையையும் எம்-ஸீல் வைத்து அடைத்திருந்தான்!

கீறல் விழுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயிண்ட்டைத் தொட்டுவிட வேண்டும்.

வெள்ளத்தில் வண்டி மூழ்கினால், 'ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது நசுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும். பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துப் போவதே உத்தமம்.

தரையை வெட்டித் தகடு வைத்து வெல்டிங் செய்ததில் என் ஒரு மாதச் சம்பளம் காலி. வீட்டுக்கு வந்ததும், "அடியில கோட்டிங் ஒண்ணு அடிச்சுட்டா கவலையில்ல, இப்பவே அடிச்சுடலாம்" என்றேன். வண்டியில் இன்னும் ஈரம் காயவில்லை.

திண்ணையில் இருந்த அப்பா நிமிர்ந்தார். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர்.

"ஏண்டா, ஈரச் சேலையை மடிச்சுப் பீரோவுல வைப்பியா? ஜரிகை கறுத்துடாது? முதல்ல காய வை. அப்புறம் மூடு."

பட்டறைக்காரரும் இதையேதான் சொன்னார். துருவையும் ஈரத்தையும் வைத்து மூடினால், கோட்டிங் உள்ளே தண்ணீரைப் பத்திரமாகக் காப்பாற்றுமாம்! மூன்று நாள் வெயிலில் நிறுத்தி, சுரண்டி, பிரைமர் அடித்து, அதன் பிறகே கோட்டிங்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில்தான் நான். "இந்த அக்கறையை ஆபீஸ்ல காட்டியிருந்தா எப்பவோ ப்ரமோஷன் வந்திருக்கும்" என்கிறாள் மனைவி.

போன வாரம் மச்சான் மெதுவாக ஆரம்பித்தான்: "தங்கம் துருப்பிடிக்காது மாமா. சங்கிலி இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டுமே..."

அவன் அக்கா திரும்பிப் பார்த்த பார்வைக்கு எந்தக் கோட்டிங்கும் தாங்காது!