மடங்குவதும் மடக்குவதும்: உருமாறும் இயந்திரப் படங்கள் பற்றி ஒரு மொழியியல் நோக்கு

எண்பதுகளின் பிற்பகுதியில், முனைவர் பட்ட ஆய்வுக்காக நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தவன் நான். ரந்தாவ், லாபு வட்டாரங்களில் பால்வெட்டுத் தொழிலாளரின் பேச்சைப் பதிவு செய்வது என் நோக்கம். ஒரு மாலை லயத்து வாசலில் முதியவர் ஒருவர் மங்கு, வாளி, வெட்டுக்கத்தி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருடைய பேரன் தீப்பெட்டிகளை ரப்பர் வளையத்தால் பிணைத்த பொருளொன்றைக் கொண்டு வந்து என் முன்னே வைத்தான். "லாரி அப்படியே எழும்பி நிக்கும் சார்" என்றான். முந்தைய நாள் தொலைக்காட்சியில் பார்த்த உருமாறும் இயந்திர மனிதனின் கதையை மூச்சுவிடாமல் சொல்லத் தொடங்கினான்.

நான் கருவியை நிறுத்திவிட்டேன். ஒலிநாடா விலை மிகுந்தது. அவன் சொன்னதோ தோட்டத் தமிழன்று, ஜப்பானியப் படக்கதை என்பது என் எண்ணம். எனினும் கை பழக்கத்தால் குறிப்பேட்டின் ஓரத்தில் அவன் பயன்படுத்திய வினைச்சொற்களைக் கிறுக்கி வைத்திருந்தேன். அந்த ஓரக்குறிப்பே இக்கட்டுரைக்கு மூலம்.

இப்படங்கள் பிள்ளைகளை ஏன் இவ்வளவு கவர்கின்றன என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. சண்டையும் சத்தமும்தான் காரணம் என்பது வழக்கமான விடை. சண்டை எல்லாப் படத்திலும் உண்டு. இவற்றுக்கே உரியது உருமாற்றம். அதுவும் ஒரு தனிவகை உருமாற்றம்.

நம் கதைமரபில் உருமாற்றத்துக்குக் குறைவில்லை. மாரீசன் பொன்மானாகிறான். விக்கிரமாதித்தன் கூடுவிட்டுக் கூடு பாய்கிறான். மாமரமாய் நின்ற சூரபத்மன் இரு கூறாகப் பிளக்கப்பட்டு மயிலும் சேவலும் ஆகிறான். தோட்டத்து முருகன் கோயிலில் இக்கதையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை இல்லை. ஆனால் மாரீசனின் எந்த உறுப்பு மானின் எந்த உறுப்பானது என்று நாம் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அது மாயம். இயந்திரத்தின் உருமாற்றம் கணக்குக் காட்ட வேண்டிய உருமாற்றம். லாரியின் முன்கண்ணாடி மார்பாகிறது, சக்கரம் காலின் பக்கத்தில் ஒட்டி நிற்கிறது. பழைய உருவின் உறுப்புகள் புதிய உருவிலும் அடையாளம் தெரியக் கிடக்கின்றன. பிள்ளையின் கண் அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. அந்தக் கண்டுபிடிப்பின் மகிழ்ச்சியே இப்படங்களின் உயிர்நாடி என்பது என் துணிபு.

இது மொழி பயில்வோர்க்குப் புதிதன்று. நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது நிகழும் திரிபுகளைத் தொல்காப்பியர் மெய் பிறிதாதல், மிகுதல், குன்றல் என மூன்றாக வகுத்தார். நன்னூலார் தோன்றல், திரிதல், கெடுதல் என்பார். பால் என்பதும் குடம் என்பதும் சேர்ந்து பாற்குடம் ஆகும்போது, லகரம் எங்கே போயிற்று என்று நம்மால் சுட்டிக்காட்ட முடிகிறது. (பாலும் மரமும் சேர்ந்தால் இலக்கணப்படி பான்மரம் ஆக வேண்டும். எந்தத் தோட்டத்திலும் அச்சொல்லை நான் கேட்டதில்லை.) புணர்ச்சி விதி என்பதே உருமாற்றத்துக்குக் கணக்குக் காட்டும் ஏற்பாடுதான்.

அந்தச் சிறுவன் அந்தக் கணக்கைக் கேட்டான். ஆப்டிமஸ் பிரைம் என்னும் தலைவன் லாரியிலிருந்து மனித உருவுக்கு மாறும்போது, பின்னால் இழுத்து வந்த பெட்டி திரையிலிருந்து மறைந்துவிடும். "பின்னாடி பெட்டி எங்க போச்சுன்னு காட்டவே மாட்டான் சார்" என்று அவன் குறைப்பட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. எதிரித் தலைவன் மெகாட்ரான், பேருருவிலிருந்து கையில் அடங்கும் துப்பாக்கியாகச் சுருங்குவான்; அதையும் அவன் ஏற்கவில்லை. கெடுதலும் குன்றலும் விதியின்றி நிகழ்ந்ததை ஒன்பது வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டான். மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் எங்கே போயிற்று என்று என் மாணவர் எவரும் இத்தனை சினத்தோடு என்னைக் கேட்டதில்லை.

இவ்வகைப் படங்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். யோகோயாமா மிட்சுதேரு 1956இல் வரையத் தொடங்கிய 'தெட்சுஜின் 28' என்னும் சித்திரக்கதை 1963இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அதில் இயந்திரம் வெளியே நிற்கும். சிறுவன் கையிலுள்ள கருவியால் அதை இயக்குவான். 1972இல் வெளிவந்த, நாகாய் கோவின் 'மசிங்கர் இசட்' படத்தில் சிறுவன் இயந்திரத்தின் தலைக்குள்ளேயே அமர்ந்துகொண்டான். 1974இல் வந்த 'கெட்டர் ரோபோ'வில் மூன்று ஊர்திகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஓர் இயந்திர மனிதனாயின. இதில் நுட்பம் ஒன்றுண்டு. சேரும் வரிசையை மாற்றினால் வேறோர் இயந்திர மனிதன் பிறப்பான்: ஒருவன் வானுக்கு, ஒருவன் நிலத்துக்கு, ஒருவன் நீருக்கு. சொற்கள் அவையே, வரிசை மாறப் பொருள் மாறும். பால்மரம் என்பது மரம். மரப்பால் என்பது பால். தோட்டத்துப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1982இல் 'மக்ரோஸ்' வந்தது. அதன் போர்விமானத்தை வடிவமைத்த கவாமோரி ஷோஜி, விமானத்துக்கும் மனித உருவுக்கும் இடையில் மூன்றாவது நிலை ஒன்றை வைத்தார்: சிறகு மடியாத விமானத்துக்குக் கையும் காலும் முளைத்த உருவம். இரண்டுங்கெட்ட அந்த நிலையே எனக்கு மிகவும் பிடித்தது. லெகோ கட்டைகளை இணைத்துப் பார்த்து வடிவம் காண்பது அவர் வழக்கம். தீப்பெட்டிச் சிறுவனும் செய்தது அதைத்தான். பின்னர் ஜப்பானின் தக்காரா நிறுவனம் செய்த விளையாட்டுப் பொருள்களை அமெரிக்காவின் ஹாஸ்புரோ வாங்கி, 1984இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று பெயரிட்டு விற்றது. அதே ஆண்டில் படத்தொடரும் வந்தது. பொம்மை விற்பதற்காக எழுந்த கதைகள் இவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கதை என்ற அளவில் பல தேறா. ஆயினும் எல்லாம் வெறும் விற்பனை என்று தள்ளிவிடவும் இயலாது. அண்டை நாடான பிலிப்பைன்சில், ஐந்து ஊர்திகள் இணையும் 'வோல்டஸ் 5' என்னும் தொடரை மார்க்கோஸ் அரசு 1979இல், முடிவுப் பகுதிகள் வருமுன்னரே தடை செய்தது. அன்று முடிவைப் பார்க்க முடியாமற்போன தலைமுறை அதை மறக்கவில்லை. 2023இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியே அக்கதையை நடிகர்களைக்கொண்டு மீண்டும் எடுத்தது.

இந்த வரிசையில் ஒரு மாற்றத்தைக் காணலாம். முதலில் மனிதன் இயந்திரத்தை வெளியிலிருந்து இயக்குகிறான். பிறகு உள்ளிருந்து இயக்குகிறான். இறுதியில் இயந்திரம் தானே இயங்குகிறது. பள்ளி இலக்கணம் தன்வினை, பிறவினை என்பதைப் பேராசிரியர் கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை என்று பெயரிட்டு நுட்பமாக விளக்கினார். மடங்கு, மடக்கு, சுருங்கு, சுருக்கு, திரும்பு, திருப்பு, உருள், உருட்டு, நீள், நீட்டு. மெல்லினம் வல்லினமாவதும் ஒற்று மிகுவதுமாகிய சிறு திரிபில், செயல் எவர் கையில் இருக்கிறது என்பதைத் தமிழ் காட்டிவிடுகிறது. (இயந்திரம் என்னும் சொல்லே 'இயங்கு' என்பதிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறேன். அது யந்திரம் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். ஒலி ஒப்புமையை வேர் என்று கொள்ளலாகாது.)

இனி என் ஓரக்குறிப்புக்கு வருகிறேன். படத்தில் கண்டதைச் சொல்லும்போது அவன் மடங்குது, நீளுது, திரும்புது, விரியுது என்றான். தீப்பெட்டியைக் கையில் எடுத்ததும் மடக்கணும், நீட்டணும், திருப்பணும், பூட்டணும் என்றான். ஒரு பிழையும் இல்லை. அவன் பார்த்த படம் ஆங்கிலத்தில் பேசியது. அடியில் ஓடிய எழுத்து மலாய். மேற்கண்ட வினைகளில் ஒன்றையும் படம் அவனுக்குக் கொடுக்கவில்லை. குடையை மடக்கும் தாத்தாவிடமும், பாயைச் சுருட்டும் அம்மாவிடமும், லாரியின் பின்கதவைப் பூட்டும் ஓட்டுநரிடமும் அவன் பெற்ற சொற்கள் அவை. அந்நியக் கதையொன்று அவனிடமிருந்த தமிழையெல்லாம் வெளியே இழுத்துக்கொண்டு வந்தது. அதைப் பதிவு செய்யவே வந்திருந்த நான் கருவியை நிறுத்திவைத்திருந்தேன்.

அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடு, லயங்கள் இல்லை. நீலாய், லாபு பக்கத்தில் வேறு பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சில ஆண்டுகளுக்கு முன் சிரம்பானில் உறவினர் வீட்டுப் பையன் ஒருவன், உருமாறும் கார் ஒன்றை வைத்து விளையாடக் கண்டேன். என்ன செய்கிறது என்று கேட்டேன். "டிரான்ஸ்ஃபார்ம் ஆவுது தாத்தா" என்றான். மேலும் கேட்டேன், அதே விடைதான். பத்துப் பன்னிரண்டு அசைவுகளை ஒரே சொல் விழுங்கிவிட்டது. பொம்மையை வாங்கி மெதுவாக ஒரு பகுதியை மட்டும் அசைத்து, "இப்போது என்ன ஆயிற்று?" என்றேன். சற்று யோசித்து, "கதவு மடங்குது" என்றான். பிறகு "இல்ல, நீங்க மடக்குறீங்க" என்று தானே திருத்தினான். மீதியை அவனே செய்து காட்டிக்கொண்டு போனான். இரண்டு இடங்களில் மட்டும் சொல் கிடைக்காமல் என்னைப் பார்த்தான்.

தன்வினை, பிறவினை நடத்தும் ஆசிரியர்கள் வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். விலை உயர்ந்த பொம்மை வேண்டியதில்லை, தீப்பெட்டி போதும். ஒரு மாணவர் அசைக்க, மற்றவர் வினை சொல்ல வேண்டும். பிறகு இயந்திரமே பேசுவதாக வைத்து அதே அசைவுகளைச் சொல்ல வேண்டும். பின்னதற்கு வேறு வினை வேண்டியிருப்பதை அவர்களே உணர்வார்கள். சூத்திரத்தை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

என் குறிப்பேட்டின் ஓரத்தில் பன்னிரண்டு வினைகள் உள்ளன. பதினொன்றைப் படிக்க முடிகிறது. கடைசிச் சொல்லின்மேல், மங்கு என்பதன் மலாய் மூலத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.