ஆட்டுப் புழுக்கையும் குருவி எச்சமும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தரிசைப் பத்தாண்டு தொடாமல் போட்டுவைத்தால் என்ன முளைக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் சீமைக்கருவேல்தான். அதே மாவட்டத்தில், ஊர்க்கோடி அய்யனார் கோயில்களின் மண்குதிரைகளுக்குப் பின்னால், காசாவும் வீரையும் உலக்கைப்பாலையும் நெருங்கி நிற்கும் கோயில்காடுகளும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பெரிதும் நம்பியிருந்தும் ஆண்டு முழுக்க இலை உதிர்ந்து மொட்டையாகாத குட்டைக் காடுகள் இவை. மழையும் வெயிலும் இரண்டுக்கும் பொது. அப்படியிருந்தும் தரிசு ஏன் கோயில்காடாக மாறுவதில்லை? மரத்தை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. விதையைச் சுமப்பது யார் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீமைக்கருவேலுக்கு இங்கே வாய்த்த கூட்டாளி ஆடு. இனிப்பான நெற்றை ஆடு தின்னும். கெட்டித் தோல் கொண்ட விதை குடலில் சாகாமல் புழுக்கையோடு வெளியேறி, எருவோடு சேர்ந்தே மண்ணில் விழும். அந்த மரத்தின் இலையை மட்டும் ஆடு அவ்வளவாகத் தொடாது. அக்கம்பக்கத்தில் துளிர்க்கும் மற்ற கன்றுகளைத்தான் கடிக்கும். ஆக, விதைப்பதும் களை எடுப்பதும் ஒரே ஆள், கூலியும் கிடையாது. காசா, வீரை, உலக்கைப்பாலை மூன்றும் சதைப்பற்றுள்ள பழம் காய்ப்பவை. அவற்றின் விதைகள் கொண்டைக்குருவி, குயில், மரநாய் போன்றவற்றை நம்பித்தான் பயணம் போகின்றன. கொண்டைக்குருவியோ உட்காரக் கிளை இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் எச்சமிடும். கிளையே இல்லாத பொட்டலுக்கு அந்த விதை வந்து சேருவது அரிது. வந்தாலும் ஆட்டுக்குத் தப்ப வேண்டும்.

‘நிலத்தைச் சும்மா விட்டால் காடு தானாக வரும்’ என்பது பழைய நம்பிக்கை. அமெரிக்கத் தாவரவியலாளர் கிளெமன்ட்ஸ் 1916-இல் அதை ஏறக்குறைய ஒரு விதியாகவே எழுதினார்: புல், புதர், மரம் என்று படிப்படியாக ஏறி நிலம் ஒரு நிறைநிலையை அடையும். 1926-இல் இன்னொரு அமெரிக்கத் தாவரவியலாளர் கிளீசன் அதை மறுத்தார். எந்த விதை வந்து சேர்ந்தது, எது பிழைத்தது என்பதில் தற்செயலுக்கும் பெரும் பங்கு உண்டு என்றார். புதுக்கோட்டைத் தரிசு கிளீசன் பக்கம்தான் சாட்சி சொல்கிறது.

‘அப்படியானால் சீமைக்கருவேலைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கிவிடலாமே’ என்பார்கள். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது பல ஊர்களில் அதுதான் நடந்தது. பிடுங்கிய இடம் வெறும் மண்ணாகக் கிடந்தால், மண்ணுக்குள் புதைந்திருக்கும் விதைகளுக்கு வெளிச்சம் கிடைக்கும், ஆடும் வரும், பழைய கதை மறுபடி தொடங்கும். விறகும் கரிமூட்டமும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. அது நியாயம்தான். ஆகவே எல்லா இடத்திலும் ஒரே மூச்சில் அகற்றுவதைவிட, கோயில்காட்டை ஒட்டிய தரிசில் தொடங்கி, குருவி உட்கார நாலு மரத்தை விட்டுவைத்து, சில ஆண்டுகள் ஆடு நுழையாமல் வேலியடைப்பது அறிவுக்குப் பொருந்துகிறது.

‘துண்டு துண்டான கோயில்காட்டால் என்ன ஆகிவிடும்?’ என்றும் கேட்கலாம். தென்னந்தோப்புகளைச் சாய்த்த 2018 நவம்பர் கஜா புயலை எண்ணிப் பார்க்கலாம். தென்னைக்கு வளரும் குருத்து ஒன்றுதான்; தலை முறிந்தால் மரம் செத்தது. இந்தக் காட்டு மரங்களில் பல, முறிந்தாலும் அடிமரத்திலிருந்து துளிர்ப்பவை. பரப்பு சிறிதுதான், ஆனால் அக்கம்பக்கத்துத் தரிசுக்கு விதை தர வேறு கிடங்கு இல்லை. அந்தக் கிடங்கையும் கோயில் திருப்பணி என்ற பெயரில் சிமெண்டுத் தளம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிவருகிறது. அந்தத் தளத்தில் விழும் குருவி எச்சம் மறுநாள் காலை துடைப்பத்தோடு போய்விடுகிறது.