டைமிங் செயினை வீட்டிலேயே மாற்றலாமா?



லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது லயத்து வாசல்களில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. பஸ் வராத டிவிசனிலிருந்து பிள்ளையை டியூசனுக்குக் கொண்டுபோய் விடவும், ராத்திரியில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடவும், பசறை வழியாகப் பதுளைக்குப் போய் வரவும் அதுதான் துணை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது. அத்தனை காலமும் பழைய வண்டியைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்டினோம். அப்படி ஓடிய இஞ்சின் 'கிளக் கிளக்' என்று சத்தம் போட்டால், "பரவாயில்லே, ஓடுது தானே" என்று விட்டுவிடக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

டைமிங் செயின் என்பது என்ன?

பின் சக்கரத்தைச் சுற்றும் செயின் வேறு, இது வேறு. இது இஞ்சினுக்குள் ஒயிலில் ஓடுவது. கீழே சுற்றும் கிராங்கிலிருந்து மேலே ஹெட்டில் உள்ள கேமைச் சுற்ற வைப்பது இதன் வேலை. கேம்தான் வால்வுகளைத் திறக்கிறது. கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. இஞ்சின் நிமிசத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு செக்கனில் 50 தடவை திறந்து மூடும்.

தேயிலைத் தொழிற்சாலையில் பெல்ட் வழுக்கினால் மெஷின் நிற்கும், அவ்வளவுதான். இங்கே செயின் தளர்ந்து ஒரு பல் தாவினாலே வால்வு நேரம் தப்பிவிடும். இழுவை குறையும், ஸ்டார்ட் எடுக்காது. மேலும் தாவினாலோ, அறுந்தாலோ, திறந்திருக்கும் வால்வை பிஸ்டன் வந்து இடித்து வளைத்துவிடலாம். பிறகு செயினோடு முடியாது. ஹெட்டையே கழற்ற வேண்டும். சின்னச் செலவு பெரிய கடனாவது இப்படித்தான்.

எல்லா வண்டிக்கும் இது கிடையாது. யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் கேம் திறக்கும் வால்வும் இல்லை, இந்தச் செயினும் இல்லை. ஹொண்டா சிஜி 125இல் செயினுக்குப் பதிலாகத் தள்ளு கம்பிகள் உண்டு. நாங்கள் கீழே சொல்வது சிலிண்டர் படுத்திருக்கும் ஹொண்டா 90, சாலி, ஹீரோ ஹொண்டா ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளுக்கு. மற்ற வண்டிகளில் முறை மாறும்.

வேலைக்கு முன்

மெக்னட்டைக் கழற்றும் புல்லர் கட்டாயம் வேண்டும். சுத்தியலால் தட்டினால் மெக்னட் வெடிக்கும், கிராங்கும் கெடும். புல்லர் கிடைக்காவிட்டால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், பாஸிடம் கொடுங்கள். புதுச் செயினோடு ரோலர்கள், கேஸ்கட், ஒயில் சீல், புது ஒயில் எல்லாம் வாங்கி வையுங்கள். இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பெற்றோலைப் பூட்டி, அடுப்புக்கும் குப்பி லாம்புக்கும் தள்ளி, இஸ்தோப்பில் சுத்தமான சாக்கை விரித்துக்கொள்ளுங்கள்.

செய்யும் முறை

1. ஒயிலை வடித்து, பிளக்கைக் கழற்றுங்கள். இடது பக்க மெக்னட் கவரையும், ஹெட்டின் இடது பக்க வட்ட மூடியையும் எடுங்கள்.

2. மெக்னட்டைக் கையால் இஞ்சின் ஓடும் பக்கமாக, அதாவது இடமிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். அதிலுள்ள 'டி' எழுத்தின் கோடு இஞ்சின் உடம்பில் உள்ள அடையாளத்துக்கு நேராகவும், மேல் பல்சக்கரத்தின் வட்ட அடையாளம் ஹெட்டின் வெட்டுக்கு நேராகவும் வர வேண்டும். இரண்டும் சேரும் இடத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலையின் உயிர் இதுதான்.

3. கீழே உள்ள டென்சனர் போல்ட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் தள்ளு கம்பியையும் எடுத்தால் செயின் தளரும். செயின் போகும் பொந்தில் துணியை அடைத்துவிட்டு மேல் பல்சக்கரத்தின் போல்ட்களைக் கழற்றுங்கள். ஒரு போல்ட் உள்ளே விழுந்தால் அன்றைய நாள் போச்சு.

4. மெக்னட்டைப் புல்லரால் எடுங்கள். கிராங்கிலுள்ள சின்னக் கீயைத் தொலைக்க வேண்டாம். அதன் பின்னுள்ள காயில் தட்டையும் கழற்றுங்கள். துணியை எடுத்துவிட்டு, பழைய செயினின் மேல் முனையில் கம்பி கட்டிக் கீழே இறக்குங்கள். அதே கம்பியால் புதுச் செயினை மேலே இழுங்கள். தேய்ந்த ரோலர்களையும் மாற்றுங்கள்.

5. தட்டையும் மெக்னட்டையும் பூட்டுங்கள். இந்த நேரம் கிராங்கை வீணாகத் திருப்பாதீர்கள். செயினை மேலே இழுத்தே பிடித்திருங்கள். இரண்டு அடையாளங்களையும் மறுபடி சேர்த்துப் பல்சக்கரத்தைப் பூட்டி, டென்சனரையும் போடுங்கள்.

6. உடனே கிக் அடிக்கக் கூடாது. மெக்னட்டைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுத் திருப்புங்கள். எங்காவது இடித்தால் நிறுத்துங்கள், அமுக்கித் திருப்பாதீர்கள். அடையாளம் தப்பியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் மறுபடி நேராக வந்தால் சரி. அந்த நிலையிலேயே இரண்டு டெப்பட்டையும் 0.05 மில்லிமீட்டர் இடைவெளிக்கு வையுங்கள்.

7. கவர்களைப் பூட்டி, பிளக் போட்டு, ஒயில் ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

வடித்த ஒயிலைக் கானில் ஊத்தாதீங்க. அது கீழ் லயத்துப் பீலித் தண்ணியில் போய்ச் சேரும். போத்தலில் அடைத்து கராஜில் கொடுத்துவிடுங்கள்.

செயின் சீக்கிரம் தேய்வதற்குப் பெரிய காரணம் ஒயில் குறைவதும், கறுத்த ஒயிலிலேயே ஓட்டுவதும்தான். மலை ரோட்டில் இஞ்சின் கூடுதலாக உழைக்கிறது. ஆகவே கிழமைக்கு ஒரு தடவை ஒயில் கோலை உருவிப் பாருங்கள்.

வேலையை பாஸிடம் கொடுக்கிறவர்களும் பக்கத்தில் நின்று இரண்டு கேள்வி கேட்கலாம்: ரோலர்களையும் பார்த்தீர்களா? ஸ்டார்ட் எடுக்க முன் கையால் சுற்றிப் பார்த்தீர்களா? கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வியர்வை சிந்தி வாங்கிய வண்டி நம்முடையது. சத்தம் சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட்டால், ராத்திரி நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிற நேரத்தில் அது நம்மை நடுரோட்டில் கைவிடாது.